எம்டனுக்குப் பித்தளைக் கைப்பிடி எதற்கு?

பிளாஸ்டிக் கப்பல் மாடல் கட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எட்ச் போட்டாச்சா?" போடவில்லை என்றால் அது மாடலே இல்லை, பொம்மை. போட்டாச்சு என்றால் அடுத்த கேள்வி, "எத்தனை தகடு?"

இந்தப் போக்கு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எட்ச் பாகங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் அவை இல்லாமல் முடியவே முடியாது. ஆனால் தகட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவது கப்பலுக்கும் நல்லதில்லை, கட்டுகிறவனுக்கும் நல்லதில்லை. என் கட்சி இதுதான்: அந்தக் கப்பலில் வாழ்ந்த மனிதனின் கையும் காலும் பட்ட இடங்களுக்குப் பித்தளை போடுங்கள். மற்ற இடங்களுக்கு இரண்டு முறை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

இந்தப் பக்கமே வராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். போட்டோ எட்ச் என்பது மெல்லிய பித்தளைத் தகட்டில் (சில கம்பெனிகள் ஸ்டீலிலும் செய்கின்றன) செய்யப்படும் பாகம். தகட்டின் மேல் ஒளிபட்டால் தன்மை மாறும் ஒரு பூச்சைப் பூசி, வேண்டிய பாகங்களின் படத்தை ஃபிலிம் வழியாக அதில் பதிக்கிறார்கள். பிறகு ஃபெர்ரிக் குளோரைடு மாதிரியான கரைசலில் விட்டால் பூச்சு இல்லாத இடம் கரைந்து போகும், பூச்சு உள்ள இடம் நிற்கும். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் காப்பர் போர்டைக் கரைசலில் ஆட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு இது புதிதே இல்லை. அதே சமாசாரம்தான், சர்க்யூட்டுக்குப் பதில் ஏணி. இரண்டு பக்கமும் கரைத்தால் ஓட்டை விழும். ஒரு பக்கம் மட்டும் பாதி ஆழம் கரைத்தால் அது மடிப்புக் கோடு. வெட்டி, மடித்து, சூப்பர் க்ளூவில் ஒட்ட வேண்டியது நம் வேலை. பிளாஸ்டிக்கை ஒட்டும் மாடல் பசை இதற்கு ஆகாது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை, பித்தளையிடம் அதன் பாச்சா பலிக்காது.

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். எஸ்.எம்.எஸ். எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல். உயர் நீதிமன்ற மதில் சுவரில் அதை நினைவுபடுத்தும் கல்வெட்டு இருக்கிறது. "சரியான எம்டன்டா இவன்" என்று நம் ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். 2006ல் வந்த 'எம் மகன்' படத்துக்குக்கூட முதலில் 'எம்டன் மகன்' என்றுதான் பெயர். ரெவெல் கம்பெனி இந்தக் கப்பலை 1/350 அளவில் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டிருக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. எம்டனின் நீளம் சுமார் 118 மீட்டர். 350ஆல் வகுத்தால் ஏறக்குறைய 34 செ.மீ. நம்முடைய ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஐந்தரை அடி மாலுமி இதில் 5 மி.மீ. கூட இருக்க மாட்டான். அவன் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் கைப்பிடிக் கம்பி வேலி 3 மி.மீ. உயரம். அந்த வேலியின் கம்பி நிஜத்தில் இரண்டரை செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் மாடலில் 0.07 மி.மீ. பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி இவ்வளவு மெல்லியதாக எடுப்பது நடக்கிற காரியமில்லை. 0.4 மி.மீ. தடிமனில் ஒரு பிளாஸ்டிக் வேலி செய்தால், நிஜ அளவில் அது 14 செ.மீ. தடிமன். மாலுமி பிடித்துக்கொள்ளக் கம்பி கேட்டால் வாழைமரம் நட்டுக் கொடுத்த மாதிரி! 0.1 மி.மீ. பித்தளை என்றால் நிஜத்தில் மூன்றரை செ.மீ. அதுவும் கொஞ்சம் தடிதான், ஆனால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். இங்கே எட்ச் ஜெயிக்கிறது. வாதமே இல்லை.

ஆனால் அது ஏன் அவ்வளவு முக்கியம்? மெல்லியதாக இருக்கிறது என்பதால் மட்டும் இல்லை. போர்க்கப்பலில் பெரும்பாலான பொருட்களுக்கு மனித அளவு கிடையாது. புகைபோக்கி எவ்வளவு உயரமாகவும் இருக்கலாம், உடல் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். அவற்றைப் பார்த்து "இது எவ்வளவு பெரிய கப்பல்?" என்று சொல்ல முடியாது. கைப்பிடி வேலி, ஏணிப்படி, சுக்கான் சக்கரம் இவைதான் மனிதனின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. படிக்கும் படிக்கும் நடுவே இடைவெளி 30 செ.மீ. என்றால் அது நம் காலின் அளவு. இவை சரியாக இருந்தால், தளத்தில் ஒரு ஆள் பொம்மைகூட நிறுத்தாமலே பார்க்கிறவருக்குக் கப்பலின் பிரம்மாண்டம் புரிந்துவிடும். இவை தடித்துப் போனால் 118 மீட்டர் கப்பல் குளியல் தொட்டிப் படகாகிவிடும். பொம்மை மாதிரி இருக்கிறது என்கிறோமே, அந்த உணர்வுக்குக் காரணம் டீட்டெயில் குறைவதல்ல, மனித அளவு தொலைந்து போவதுதான்.

சரி, மற்ற பாகங்கள்? எட்ச்சுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. அது தட்டை. தகட்டில் இருந்து வந்தது தகடாகத்தான் இருக்கும். எம்டனின் பீரங்கிக் கேடயங்கள் நிஜத்திலேயே இரும்புத் தகடுகள், அதனால் அவற்றைப் பித்தளையில் செய்வது பொருத்தம். ஆனால் படகுகளைத் தொங்கவிடும் வளைந்த கம்பங்கள் உருண்டையானவை. அவற்றைத் தகட்டில் வெட்டினால் பக்கவாட்டில் அழகாகவும், முன்னால் இருந்து பார்த்தால் காகிதக் கத்தரிப்பு மாதிரியும் இருக்கும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் கம்பம் கொஞ்சம் தடியாக இருந்தாலும் உருண்டை, அதையே சுரண்டி மெலிதாக்கலாம். பீரங்கிக் குழாயும் அப்படித்தான். எம்டனின் பத்து பீரங்கிகளும் 10.5 செ.மீ. ரகம், குழாயின் நீளம் 4.2 மீட்டர், மாடலில் 12 மி.மீ. உருண்டையான குழாய்க்குக் கடைந்த பித்தளை சரி, தட்டைப் பித்தளை சரியே இல்லை. ஆனால் எட்ச் தகட்டில் இருக்கிறதே என்று உருண்டையைப் பிடுங்கிவிட்டுத் தட்டையை ஒட்டி, அதற்குப் பெயர் "அப்கிரேடு" என்கிறார்கள்!

இன்னொரு விஷயம். கண் முதலில் பார்ப்பது டீட்டெயிலை இல்லை, உருவத்தை. இதற்கு எம்டனே சாட்சி. அந்தக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிகள்தான். யார்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு நான்கு. கித்தானில் போலியாக நாலாவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்திக்கொண்டு, 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. உள்ளே நின்ற ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது, மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டுப் போனது. ஒரு துணிக் குழாய் அத்தனை பேரையும் ஏமாற்றப் போதுமானதாக இருந்தது. மாடலுக்கும் இதே நியாயம்தான். புகைபோக்கிகளின் சாய்வு, கொடிமரங்கள் நேராக நிற்பது, உடலின் இரண்டு பாதியும் சேரும் கோடு தெரியாமல் தேய்ப்பது, இதெல்லாம் முதலில் சரியாக வேண்டும். கொடிமரம் கோணியிருக்கும் கப்பலுக்கு நானூறு பித்தளைப் பாகம் ஒட்டினாலும் அது கோணிய கப்பல்தான்.

அடுத்தது, எல்லோரும் மறக்கும் கேள்வி. நீங்கள் கட்டுவது எந்தத் தேதி எம்டன்? அந்தக் காலப் போர்க்கப்பல்களில் சண்டைக்குத் தயாராகும்போது கைப்பிடி வேலிகளைக் கழற்றியோ மடக்கியோ வைத்துவிடுவது வழக்கம். பீரங்கி திரும்ப வழி வேண்டுமே! ஆக, சுட்டுக்கொண்டிருக்கும் கப்பலுக்கு முனை முதல் முனை வரை பளபளவென்று வேலி போட்டால், உழைப்பு முழுவதும் தப்பான இடத்தில் போயிருக்கிறது என்று அர்த்தம்.

1914 நவம்பர் 9, எம்டனின் கடைசி நாள். அன்று காலை கோகோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை உடைக்க ஹெல்முத் ஃபான் முக்கே தலைமையில் சுமார் ஐம்பது பேர் கரைக்குப் போனார்கள். ஒரு நீராவிப் படகு இரண்டு துடுப்புப் படகுகளை இழுத்துச் சென்றது. அதற்குள் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்துவிட, அவர்கள் திரும்பி ஏறுவதற்குள் எம்டன் கிளம்ப வேண்டியதாயிற்று. அதாவது கடைசிச் சண்டையில் எம்டனில் அந்தப் படகுகள் இல்லை. அவற்றின் இடம் காலி. அதை அப்படியே காலியாக விட்டுக் காட்டுங்கள், அதைவிடப் பெரிய டீட்டெயில் வேறு எதுவும் இல்லை. ஒரு பைசா செலவும் கிடையாது. எந்தத் தகட்டிலும் அது வராது, படித்தால்தான் வரும்.

சிட்னியின் 6 அங்குலப் பீரங்கிகளுக்கு முன் எம்டனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறை மேல் ஏற்றி நிறுத்தினார். எம்டனில் 130க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் மேஜை மேல் வைத்துக் கட்டுவது பீரங்கி மேடையை மட்டும் இல்லை, சுமார் 360 பேர் குடியிருந்த இடத்தை. சென்னையில் தீ வைத்ததும் இந்த ஆட்கள்தான், பவளப்பாறையில் செத்ததும் இந்த ஆட்கள்தான். அவர்கள் பிடித்த கம்பி, ஏறிய ஏணி, திருப்பிய சக்கரம் சரியாக இருக்கட்டும் என்று நான் கேட்பது அதனால்தான். புகைபோக்கிக்கு உள்ளே யாருக்கும் தெரியாத வலையை ஒட்டுவதில் எனக்கு அந்த அக்கறை இல்லை.

"எல்லாத்தையும் ஒட்டிப் பார்த்தால்தானே கை பழகும்?" என்பார்கள். நியாயம்தான். ஆனால் நடப்பது என்ன? எட்ச் தகட்டின் விலை சில சமயம் கிட்டின் விலையையே தொடுகிறது. வாங்கியாயிற்றே என்று எல்லாவற்றையும் ஆரம்பித்து, பாதியில் கை சலித்து, கப்பல் டப்பாவுக்குள் போகிறது. பத்து எட்ச் பாகத்தோடு முடிந்த கப்பல், இருநூறு பாகத்தோடு முடியாத கப்பலைவிட எத்தனையோ மேல். கல்லூரி மாணவனின் பாக்கெட்டுக்கும் அதுதான் கட்டுப்படி ஆகும்.

முதன்முதலாக எட்ச் வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு: வேலியும் ஏணியும் மட்டும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து வெட்டுங்கள், மெத்தென்ற பாயில் வைத்தால் பாகம் வளையும். வெட்டிய இடத்தில் நிற்கும் முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். வளைக்க வேண்டிய பாகத்தை லேசாகத் தீயில் காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகிக் கொடுக்கும். வேலியைத் தகட்டில் இருக்கும்போதே பெயின்ட் அடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். நீளமான வேலியைத் துண்டு துண்டாக ஒட்டுங்கள், மூலையில் தொடங்கி நேராகப் போங்கள். சூப்பர் க்ளூவைக் குண்டூசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

மிச்சமாகும் பாகங்களைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த கப்பலுக்கு ஏணி தேவைப்படும்.