அசுவினிக்கு எத்தனை குரோமோசோம்?

மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு பலருக்கும் அந்தக் கதை முடிந்துவிடுகிறது. ஓர் இனத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். ஆனால் இலைக்கு அடியில் கொத்துக்கொத்தாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் அசுவினியிடம் (செடிப்பேன் என்றும் சொல்வார்கள்) இந்தக் கணக்கு செல்லாது.

ரோபலோசைஃபம் மெய்டிஸ் என்று ஓர் அசுவினி. சோளத்திலும் மக்காச்சோளத்திலும் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் 8 குரோமோசோம், பார்லியில் இருப்பவற்றுக்கு 10. பெயர் என்னவோ ஒன்றுதான்! காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரே பெயரில் இரண்டு கணக்கு.

இது எப்படி முடிகிறது? பெரும்பாலான உயிர்களில், செல் பிரியும்போது குரோமோசோமை இழுத்துச் செல்லும் பிடி ஒரே இடத்தில் இருக்கும். உடைந்த துண்டில் அந்தப் பிடி இல்லையென்றால் துண்டு தொலைந்துபோகும். அசுவினிக்குப் பிடி நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதனால் துண்டும் பிழைத்துக்கொள்ளும். போதாததற்கு, பெண் அசுவினி ஆணே இல்லாமல் குட்டி போடும். தாயிடம் வந்த மாற்றம் அப்படியே பிள்ளைகளுக்கும் போகிறது.

வேடிக்கையான விஷயம் என்று விட்டுவிடலாம்தான், மைசஸ் பெர்சிகே மட்டும் இல்லாவிட்டால். உருளை, புகையிலை, முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் ஏறி, நூற்றுக்கும் மேற்பட்ட வைரஸ்களைப் பரப்பும் பூச்சி அது. வழக்கமாக 12 குரோமோசோம். அதில் 1-ம், 3-ம் துண்டு மாற்றிக்கொண்ட ஒரு வகையை பிளாக்மனும் தகாடாவும் 1975-ல் விவரித்தார்கள். பூச்சிமருந்துக்கு அசையாத அசுவினிகளிடம் இதே மாற்றம் இருப்பது 1978-ல் வெளிவந்தது. மருந்தைப் பிடித்து முடக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் மரபணு இந்த வகைகளில் ஒன்றுக்குப் பதில் பல பிரதிகளாக, 80 வரைகூட, பெருகியிருப்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வாளர்கள் பிறகு கண்டறிந்தார்கள். குரோமோசோம் மாறாமலே எதிர்ப்பு பெற்ற வகைகளும் உண்டு, எனவே எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது.

இத்தனைக்குப் பிறகும் "அசுவினியா? லிட்டருக்கு இத்தனை மில்லி" என்று ஒரே வரியில் பரிந்துரை செய்வது எந்த ஊர் நியாயம்? எந்த வகை என்று பார்க்காமல் அடித்தால் சாவது எளிய வகை, மிஞ்சுவது முரட்டு வகை. அடுத்த முறை வயல் முழுக்க அதன் வாரிசுகள்தான்.

சோதனைக்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். வேலை செய்யாத மருந்தை மூன்று முறை அடிப்பதும் செலவுதான். அந்த மருந்து அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் சேர்த்தே கொல்கிறது, அதற்கு யாரும் பில் போடுவதில்லை.