உருக்கெண்ணெயும் உடல்நல உருண்டையும்

சென்ற தீபாவளி விழாவிற்கு நம் மன்றத்தார் ஓர் இனிப்புச் செய்திருந்தனர். வறுத்த நிலக்கடலைப் பொடி, பேரீச்சம்பழம், தேங்காய்த் துருவல் ஆகிய மூன்றையும் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்து பிடித்த உருண்டை. சுவையில் குறை சொல்வதற்கில்லை. யானே நான்கு உண்டேன். ஆனால் தட்டின் அருகே ஓர் அட்டை நின்றது. 'நெய் இல்லை, சர்க்கரை இல்லை, வேண்டுமட்டும் உண்க!' என்று அதில் எழுதியிருந்தது. அம்மூன்றாம் தொடரோடுதான் எனக்கு வழக்கு.

வழக்கு என்றதும் மற்றொரு வழக்கு நினைவிற்கு வருகிறது. புனே நண்பர்கள் பலருக்குத் தேங்காய் எண்ணெய் என்றால் தலைக்குத் தடவும் பொருள். அடுத்த அறை மராட்டிய நண்பர், யான் அதைத் தோசைக்கல்லில் ஊற்றக் கண்டு திடுக்கிட்டே போனார். இந்த ஐயம் அவருக்கு மட்டுமா? சிறு பாட்டில்களில் விற்கும் தூய தேங்காய் எண்ணெய்க்கு உணவெண்ணெய் என்று வரி விதிப்பதா, கூந்தல் தைலம் என்று விதிப்பதா என்பது பற்றிச் சேலம் கலால் துறை நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018இல் நீதிபதிகள் இருவர் இரு வேறு கருத்துக் கூறினர். 2024 டிசம்பரில் மூவர் அமர்வு, கூந்தல் தைலம் என்று குறித்து விற்றாலன்றி அஃது உணவெண்ணெயே எனத் தீர்ப்பளித்தது. ஆகவே உண்ணலாம் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு உண்ணலாம் என்பதே நம் கேள்வி.

வெர்ஜின் என்னும் பெயர் புதிது, பொருள் பழையது. கொப்பரையை உலர்த்திச் செக்கிலிட்டு ஆட்டினால் வருவது நாம் அறிந்த எண்ணெய். உலர்த்தாமல், பச்சைத் தேங்காயின் பாலைப் பிழிந்து, அதனை அடுப்பில் காய்ச்சியோ, புளிக்க வைத்தோ, இயந்திரத்தில் சுழற்றியோ பிரித்தெடுப்பது இது. கேரளத்தார் உருக்கு வெளிச்செண்ணெய் என்பர். நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் உருக்கெண்ணெய் என்போம். பச்சைக் குழந்தையின் உடம்பில் தடவுவதற்கென்று பாட்டி காய்ச்சுவாள். சட்டியின் அடியில் தங்கும் கக்கனுக்குப் பேரப்பிள்ளைகளிடையே போர் மூளும். அந்த மணத்தை இன்று கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பெருவிலைக்கு விற்கிறார்கள். விற்கட்டும். மணத்தோடு மருந்து என்னும் பட்டத்தையும் சேர்த்து விற்பதுதான் தொல்லை.

உருக்கெண்ணெயாயினும் கொப்பரை எண்ணெயாயினும் உள்ளிருக்கும் கொழுப்பு ஒன்றே. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்குக் குறையாமல் அது நிறைவுற்ற கொழுப்பு. நெய்யிலோ அறுபதை ஒட்டியே இருக்கிறது. 'நெய் இல்லை' என்று பெருமை பேசுவோர் இதனைக் கருதுவதில்லை. தேங்காய்க் கொழுப்பு உடனே எரிந்து ஆற்றலாகிவிடும், உடம்பில் தங்காது என்பார் சிலர். அவர்கள் காட்டும் ஆராய்ச்சிகளுள் பல, எட்டும் பத்தும் கரியணுக்கள் கொண்ட கொழுப்பமிலங்களைத் தனியே பிரித்துக் கொடுத்துச் செய்தவை. தேங்காய் எண்ணெயில் அவை சிறு பங்கே. பாதியை ஒட்டி இருப்பது லாரிக் அமிலம்; அதன் பெரும்பகுதி ஏனைய கொழுப்பைப் போலவே உடம்பிற் சேர்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2018இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் நாள்தோறும் 50 கிராம் வீதம் நான்கு வாரம், சிலருக்கு வெண்ணெயும் சிலருக்கு ஆலிவ் எண்ணெயும் சிலருக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் கொடுத்துப் பார்த்தனர். தீய கொலஸ்டிராலை வெண்ணெய்தான் ஏற்றியது. தேங்காய் எண்ணெய் அவ்வாறு ஏற்றவில்லை. ஆனால் 2020இல், பதினாறு ஆய்வுகளை ஒருங்கே திரட்டிக் கணக்கிட்டபோது, நிலக்கடலை, சூரியகாந்தி போன்ற எண்ணெய் வகைகளை நோக்கத் தேங்காய் எண்ணெய் அதனைப் பத்து மில்லிகிராம் அளவுக்கு உயர்த்துவதாகத் தெரிந்தது. நல்ல கொலஸ்டிராலும் நான்கு மில்லிகிராம் உயர்ந்தது. எனவே நஞ்சு என்று அலறுவோரும் அமுதம் என்று ஆடுவோரும் எனக்கு ஒன்றே.

இவ்வளவு சினம் எதற்கு என்று கேட்பீர்கள். என் தந்தையார்க்கு இதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஈராண்டாகிறது. நெய்யை நிறுத்தச் சொன்னார் மருத்துவர், நிறுத்தினார். பிறகு யாரோ கைப்பேசியில் அனுப்பிய செய்தியை நம்பி, உருக்கெண்ணெய் இதயத்திற்கு நல்லது என்று நாள்தோறும் ஐந்து உருண்டை உண்ணத் தொடங்கினார். அம்மாவும் மகிழ்ந்து பிடித்துக் கொடுத்தார். அடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் முதலிற் கேட்டார். அப்பா வாய் திறக்கவில்லையாம். உருண்டை அளவோடு இருந்திருந்தால் கெடுதி இல்லை. 'நல்லது' என்ற சொல்லே அளவைத் தின்றுவிட்டது.

நிற்க. நம் உருண்டைக்கு வருவோம். சமைத்தவர்களிடம் கணக்குக் கேட்டேன். நாற்பது உருண்டைக்கு 200 மில்லி எண்ணெய். ஆக, ஒன்றுக்கு நான்கு கிராம் நிறைவுற்ற கொழுப்பு எண்ணெயினால் மட்டும். துருவலும் கடலையும் தருவது வேறு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு உலக நல நிறுவனம் வகுத்த மேல் எல்லை ஏறத்தாழ 22 கிராம். யான் உண்ட நான்கு அதில் பெரும்பகுதியை முடித்துவிட்டன. 'சர்க்கரை இல்லை' என்பதும் முழு உண்மையன்று. பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரு பங்கு சர்க்கரைதான்.

அப்படியானால் உருக்கெண்ணெய் வேண்டாமா? வேண்டும்! பால் பொருள் உண்ணாத நண்பர்களுக்கு அது பெருந்துணை. 24 பாகைக்குக் கீழே தானே உறைவதால், புனேயின் மார்கழிக் காலையில் பாகு காய்ச்சாமலே உருண்டை கட்டி நிற்கும். 200 மில்லிக்கு 80 போதும். பொரிப்பதற்கு மட்டும் ஊற்றாதீர்கள். விலை கொடுத்து வாங்கிய மணம் புகையாய்ப் போகும். விநாயக சதுர்த்தியன்று அந்த மராட்டிய நண்பர் வீட்டில் உகடீச்சே மோதகம் வைத்தார்கள். அரிசிமாவுக்குள் தேங்காயும் வெல்லமும், ஆவியில் வெந்தது. நம் பூரணக் கொழுக்கட்டையின் உடன்பிறப்பு. மேலே நெய் விடுவது அவர்கள் வழக்கம். யான் கொண்டுபோன உருக்கெண்ணெயில் அரைத் தேக்கரண்டி விட்டுப் பார்த்தார் அவருடைய தாயார். "தலைக்குத் தடவுவதா இது!" என்று சிரித்தார், மறுபடியும் அரைக் கரண்டி கேட்டார்.

பொங்கல் விழாவிற்கும் அதே உருண்டையைச் செய்யப் போவதாகச் செயலாளர் சொல்கிறார். செய்யட்டும், தேங்காய் துருவ யானும் வருகிறேன். அட்டையை மட்டும் என்னிடம் விடுங்கள். 'உருக்கெண்ணெயில் பிடித்தது, பழச் சர்க்கரை உண்டு, ஆளுக்கு இரண்டு' என்று எழுதிவைக்கிறேன்.