நேயருக்கு அஞ்சும் சேனல்

அமெரிக்க வலதுசாரி ஊடகங்களைப் பற்றி அந்நாட்டுத் தாராளவாதிகள் பல காலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. ஃபாக்ஸ் நியூஸ் போன்ற சேனல்கள் மக்களை மூளைச்சலவை செய்கின்றன, அதனால்தான் அவர்கள் டொனால்டு டிரம்ப்பின் பின்னால் போகிறார்கள் என்பது அது. ஒரு முதலாளி, சில நெறியாளர்கள், ஏமாந்த கோடிக்கணக்கான மக்கள் என்று கதை சுலபமாக முடிந்துவிடுகிறது. தாராளவாத அரசியலின் பக்கம் நிற்பவர்களுக்கும் இந்த விளக்கம் போதாது என்றே நினைக்கிறேன். டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனம் ஃபாக்ஸ் மீது தொடுத்த அவதூறு வழக்கில், 2023இல் டெலவேர் மாநில நீதிமன்றத்தில் வெளிவந்த குறுஞ்செய்திகளும் மின்னஞ்சல்களும் வேறொன்றைக் காட்டின. நேயர்களை ஆட்டிவைப்பதாக நாம் நம்பிய சேனல், அந்த நேயர்களுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

பயம் தொடங்கிய நேரம்கூடத் தெரியும். 2020 நவம்பர் 3ஆம் தேதி இரவு, கிழக்கு அமெரிக்க நேரப்படி 11.20 மணிக்கு, அரிசோனா மாநிலம் ஜோ பைடனுக்கே என்று ஃபாக்ஸ் அறிவித்தது. வேறெந்தப் பெரிய சேனலும் அப்போது அதைச் சொல்லத் துணியவில்லை. இறுதிக் கணக்கில் பைடன் 10,457 வாக்கு வித்தியாசத்தில் அங்கே வென்றார். இவ்வளவு குறைந்த வித்தியாசத்துக்கு அந்த அறிவிப்பு அவசரம் என்று வேண்டுமானால் குறை சொல்லலாம். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் டிரம்ப் கொதித்தார், நேயர்களும் கொதித்தார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களில் ஒரு பகுதியினர் நியூஸ்மேக்ஸ் என்ற சிறிய சேனலுக்கு மாறினார்கள். டிசம்பரில் ஒரு நாள், விளம்பரதாரர்கள் பெரிதும் மதிக்கும் 25 முதல் 54 வயதுக்குட்பட்ட நேயர் கணக்கில், ஒரு மணி நேர நிகழ்ச்சியில் நியூஸ்மேக்ஸ் ஃபாக்ஸை முந்தியது. அரிசோனா அறிவிப்பை வெளிப்படையாக ஆதரித்துப் பேசிய அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டைர்வால்ட் 2021 ஜனவரியில் வேலையிழந்தார். மறுசீரமைப்பு என்று நிறுவனம் காரணம் சொன்னது.

இதற்கிடையே, டொமினியன் இயந்திரங்கள் டிரம்ப்பின் வாக்குகளை பைடனுக்கு மாற்றிவிட்டன என்று சிட்னி பவல் என்ற வழக்கறிஞர் ஃபாக்ஸ் திரையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்கிறார் என்று நட்சத்திர நெறியாளர் டக்கர் கார்ல்சன் சக நெறியாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். இன்னொரு நெறியாளரான லாரா இங்க்ரமுக்கும் பவலின் பேச்சில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் டிரம்ப்பின் ட்வீட் ஒன்றில் இருந்த தவறைத் தங்கள் சேனலின் செய்தியாளர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது, அதே கார்ல்சன் அவரை வேலையைவிட்டு நீக்கச் சொன்னார். பங்கு விலை சரிகிறது என்பது அவர் கவலை. இப்படிச் சரிபார்ப்பது வியாபாரத்துக்குக் கேடு என்ற பொருளில் தலைமைச் செயல் அதிகாரியும் எழுதினார். பவல் போன்றவர்களைத் திரைக்கு அழைக்காமல் நிறுத்தியிருக்க முடியுமா என்று கேட்டபோது, முடிந்திருக்கும், ஆனால் செய்யவில்லை என்று சத்தியப்பிரமாணத்தின் கீழ் ஒப்புக்கொண்டார் ஃபாக்ஸின் அன்றைய முதலாளி ரூபர்ட் மர்டாக். இதில் எங்கும் கொள்கை வெறியைக் காணோம். உள்ளுக்குள் பலருக்கும் நம்பிக்கை இல்லாத ஒரு கதையை, நேயர் போய்விடுவாரே என்ற பதற்றத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

அந்த நேயர் எங்கிருந்து வந்தார்? சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைக் கட்டுப்படுத்திய விதி, ரீகன் ஆட்சியில் 1987இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. 1968இல் நிக்சனின் தேர்தல் பிரச்சாரத்துக்குத் தொலைக்காட்சி ஆலோசகராக இருந்த ரோஜர் அய்ல்ஸின் தலைமையில் 1996இல் ஃபாக்ஸ் நியூஸ் பிறந்தது. கேபிள் சேனலான ஃபாக்ஸை அந்தப் பழைய விதி சட்டப்படி கட்டுப்படுத்தியிருக்காது என்பதால், அந்த விதி இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று புலம்புவதில் பொருளில்லை. லிம்பாவும் அய்ல்ஸும் விற்ற சரக்கில் முக்கியமானது சந்தேகம். பெரிய பத்திரிகைகளும் பழைய மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் உங்களிடம் பொய் சொல்கின்றன, எங்களை மட்டும் நம்புங்கள் என்பதே பல்லாண்டுகள் நடந்த பாடம். பாடம் நன்றாகவே பதிந்தது. ஆசிரியரே ஒரு நாள் இரவு பிடிக்காத உண்மையைச் சொன்னபோது, மாணவர்கள் அவரையும் பொய்யர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.

பழமைவாதிகள் இதற்குச் சொல்லும் பதில்களில் ஒன்று வலுவானது. நியூயார்க், வாஷிங்டன் செய்தி அறைகள் தாராளவாதச் சாய்வு கொண்டவை, நாட்டின் பாதிப் பேருக்கு அங்கே இடமில்லை, அந்த வெற்றிடத்தைத்தான் ஃபாக்ஸ் நிரப்பியது என்கிறார்கள். அந்தச் சாய்வை மறுப்பது வீண். பைடனின் முதுமைத் தளர்ச்சி பற்றி 2024 ஜூன் தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விரிவாக எழுதியபோது, தாராளவாத முகாம் அதைத் தாக்கித் தள்ளியது. அதே மாதம் 27ஆம் தேதி தேர்தல் விவாத மேடையில் நாடே அதைக் கண்ணால் கண்டது. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். மறுநாளே நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குழு, பைடன் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று எழுதியது. வாசகர்களில் பலருக்கு அது கசந்திருக்கும். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் ராணுவச் சேவை குறித்து நம்பகத்தன்மை நிறுவப்படாத ஆவணங்களை 2004இல் ஒளிபரப்பிய சிபிஎஸ், மன்னிப்புக் கேட்டது. அதில் தொடர்புடையவர்கள் பதவி இழந்தார்கள். சாய்வு இரு பக்கமும் உண்டு. தவறு நேர்ந்த பிறகு யார் வேலை போகிறது என்பதில்தான் வேறுபாடு: சிபிஎஸ்ஸில் தவறாகச் சொன்னவர்கள் போனார்கள், ஃபாக்ஸில் சரியாகச் சொன்னவர் போனார்.

வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் மர்டாக் குடும்பத்தின் பத்திரிகைதான் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பழமைவாதமும் பொய்யும் ஒன்றுக்கொன்று பிரிக்க முடியாதவை என்று தாராளவாதிகள் பேசும்போது இதை மறந்துவிடுகிறார்கள். 2020இல் தேர்தல் மோசடிக் கதையை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் பழமைவாதிகளே. தேர்தல் முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் காணவில்லை என்றார் டிரம்ப்பின் சொந்த அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார். டிரம்ப் தரப்பு தொடுத்த பென்சில்வேனியா வழக்கின் மேல்முறையீட்டை நிராகரித்துத் தீர்ப்பு எழுதிய ஸ்டெஃபனோஸ் பீபாஸ், டிரம்ப் நியமித்த நீதிபதி. அரிசோனா கீழவையின் குடியரசுக் கட்சி சபாநாயகர் ரஸ்டி பவர்ஸ் முடிவை மாற்ற மறுத்தார். 2022இல் தன் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். பவர்ஸைத் தோற்கடித்தவர்களும் ஃபாக்ஸை மிரட்டியவர்களும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். அந்தக் கூட்டத்தை முட்டாள்கள் என்று கேலி செய்யும் தாராளவாத நையாண்டி நிகழ்ச்சிகள், எல்லோரும் உங்களை இகழ்கிறார்கள் என்ற பழைய பாடத்துக்குப் புதிய சான்றுகளைத் தவறாமல் வழங்கிவருகின்றன.

சட்டம் தண்டித்துவிட்டதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். டொமினியனைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் எதுவுமே உண்மையில்லை என்று நீதிபதி எரிக் டேவிஸ் விசாரணைக்கு முன்பே எழுதிவிட்டார். 2023 ஏப்ரல் 18 அன்று 78.75 கோடி டாலர் தர ஃபாக்ஸ் ஒப்புக்கொண்டது. ஆறு நாளில் கார்ல்சனும் வெளியேற்றப்பட்டார். தொகை பெரிதுதான், டொமினியனுக்கு நீதியும் கிடைத்தது. ஆனால் அவதூறுச் சட்டம் பாதிக்கப்பட்ட நிறுவனத்தைக் காக்குமே தவிர, தவறான தகவலைக் கேட்ட மக்களைக் காக்காது. ஏதாவதொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் மொத்தத் தேர்தலே மோசடி என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் வழக்கே இருந்திருக்காது. ஒப்பந்தத்தின்படி நெறியாளர்கள் யாரும் திரையில் தோன்றி மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சில கூற்றுகள் பொய் என்ற நீதிமன்றத்தின் முடிவை ஏற்பதாக ஓர் அறிக்கை வந்தது, அவ்வளவே. முன்னதாகப் பிப்ரவரியில், ஃபாக்ஸின் ஊடக விமர்சன நிகழ்ச்சியை நடத்திவந்த ஹோவர்ட் கர்ட்ஸ், இந்த வழக்கைப் பற்றித் தான் பேசக் கூடாது என்று நிறுவனம் முடிவு செய்திருப்பதாகத் திரையிலேயே நேயர்களிடம் சொன்னார். அந்த முடிவில் தனக்கு உடன்பாடில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.