விடுபட்ட ஓர் எண்

தென்னைக்குப் பெயர்பெற்ற பளையிலே, தோட்டத்து முற்றத்தில் தேங்காய் குவித்துப் பங்கிடுவதைப் பார்த்தோர்க்கு எண்களின் குணபேதம் ஒருவாறு விளங்கியிருக்கும். பன்னிரண்டு காய்களை இருவர்க்கும் மூவர்க்கும் நால்வர்க்கும் அறுவர்க்கும் சமமாய்ப் பங்கிடலாம். இன்னுமொரு காய் கூடிவிட்டாலோ, பதின்மூவர் வந்தாலன்றிச் சமபங்கு காண வழியில்லை. காய் கூடிற்று, பங்கீடு கெட்டது!

ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகளாகும். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தமக்கு முந்திய எண்கள் யாவற்றையும் காரணித் தொகையில் வென்று நிற்கும் எண்கள் சில உண்டு. அவற்றை ஆராய்ந்தவர் கணிதமேதை இராமானுஜன்.

கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரித் தேர்விலே தோற்று, சென்னைத் துறைமுகத்தில் லிகிதராய் இருந்த அவர், 1914இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்றார். மறு ஆண்டு, யுத்தத்தின் நடுவே, இவ்வெண்களைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. சங்கத்தின் பணமுடையால் அதன் ஒரு பகுதி அச்சேறவில்லை. எனினும், 1916இல் அவருக்குப் பட்டம் ஈட்டித் தந்தது அவ்வாராய்ச்சியே.

கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்றுண்டு. அதிலே இடம்பெற வேண்டிய ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இதன் பெருமையை வீட்டிலேயே சோதிக்கலாம். 2ஐ ஆறு முறை, 3ஐ நான்கு முறை, 5ஐ இரு முறை, 7ஐ இரு முறை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். காரணித் தொகை வேண்டுமாயின், அம்முறைகள் ஒவ்வொன்றுடனும் ஒன்று கூட்டிப் பெருக்குக: 7×5×3×3×2×2×2×2. விடை 5040. இதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இத்தனை தேங்காய்கள் இருப்பின், ஒருவர் முதல் இருபத்திருவர் வரை எத்தனை பேர் வரினும் மிச்சமின்றிப் பங்கிடலாம். இருபத்துமூவர் வந்தாற்றான் வழக்கு!

கணினி இல்லாத காலத்திலே, கோடானுகோடி எண்களிடையே தேடியவர் கண்ணுக்கு ஒன்று தப்பிற்று. அதனால் அவர் கண்ட உண்மை குறைபட்டதா? இல்லை. விடுபட்ட எண்ணும் அவர் வகுத்த இலக்கணத்துக்கு அடங்கியே நிற்கின்றது.

பிள்ளையின் கணக்குக் கொப்பியில் ஒரு பிழை கண்டவுடனே, ‘உனக்குக் கணக்கு வராது’ என்று தீர்ப்புக் கூறும் பெற்றோர் இவ்வெண்ணை நினைவிற் கொள்வாராக. விடை பிழைத்திருக்கலாம், வழி சரியா என்று பார்த்த பின்பன்றோ சிவப்பு மையைத் தொடவேண்டும்?