காசநோய்க்கு நான்கு மாத மருந்து யாருக்குப் போதும்?

காசநோய்க்கான வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதம் ஆகும். ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பகுதிகளில் ஷிப்டு முறையில் பணிபுரிவோருக்கு, அத்தனை காலம் ஒரு வேளையும் தவறாமல் மருந்து உட்கொள்வது எளிதன்று. எனவே, ‘சிலருக்கு நான்கு மாதமே போதும்’ என்னும் செய்தி எதிர்பார்ப்பை எழுப்புவது இயல்பே. அச்செய்தியின் பொருளும் வரம்பும் இங்கு விளக்கப்படுகின்றன.

ஆய்வு கண்டது என்ன?

புதிய மருந்துக் கூட்டுகளை நான்கு மாதம் அளித்துப் பார்த்த மூன்று பெரிய ஆய்வுகளில், ஒட்டுமொத்தமாக அவை ஆறு மாத சிகிச்சைக்கு ஈடாகவில்லை. பின்னர் அந்த ஆய்வுகளில் பங்கேற்ற 3,405 பேரின் தரவுகள் ஒன்றுசேர்த்து மீண்டும் ஆராயப்பட்டன. 2018-இல் வெளியான முடிவின்படி, சளியில் கிருமிகள் குறைவாக இருந்தோருக்கும் நுரையீரலில் குழி விழாதோருக்கும் நான்கு மாத சிகிச்சை ஈடாகவே இருந்தது. கிருமிகள் மிகுதியாகவும் குழியும் உள்ளோருக்கு ஆறு மாதத்திற்கும் மேற்பட்ட சிகிச்சை தேவைப்படலாம் என்றும் அறியப்பட்டது.

பலன் பெறுவோரை எவ்வாறு கண்டறிகின்றனர்?

நான்கு மாதத்தில் குணமானவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. நோய் குறைவாக உள்ளவர் எந்தச் சிகிச்சையிலும் எளிதில் தேறக்கூடும். எனவே ஒவ்வோர் உட்குழுவிலும், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரு சாராரையும் ஒப்பிட வேண்டும். அதில் மூன்று கேள்விகள் முக்கியமானவை.

1. உட்குழுவைப் பிரித்த அடையாளம் சிகிச்சைக்கு முன்பே அளக்கப்பட்டதா? பின்னர் தெரியவரும் முன்னேற்றத்தை வைத்துப் பிரித்தால், காரணமும் விளைவும் குழம்பிவிடும்.
2. எந்தெந்த உட்குழுக்களை ஆராய்வது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதா? மருந்து சிறிதும் பயனற்றதாயினும், இருபது உட்குழுக்களைச் சோதித்தால் ஒன்றில் தற்செயலாகவே பலன் இருப்பதுபோல் தோன்றக்கூடும்.
3. கணிப்பு எவ்வளவு உறுதியானது?

திருவள்ளூர்ப் பகுதி தந்த பாடம்

மூன்றாவது கேள்விக்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கப்பட்டது. 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவில், பெரியவர்களிடம் பாதுகாப்பு ஏதும் காணப்படவில்லை. சிறுவர்களிடம் 27 விழுக்காடு பாதுகாப்பு கணிக்கப்பட்டது; ஆயினும் அதன் நம்பிக்கை இடைவெளி -8 முதல் 50 வரை நீண்டிருந்தது. அதாவது, உண்மையான அளவு பாதிக்குப் பாதியாகவும் இருக்கலாம், சுழியாகவும் இருக்கலாம். ‘சிறுவர்களுக்குப் பலன் உண்டு’ என்று அந்த எண்ணை மட்டும் கொண்டு உறுதி கூற இயலாது. (பச்சிளங்குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வடிவங்களிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. ஆகவே பிறந்த குழந்தைக்கு அதைத் தவறாமல் போட வேண்டும்.)

நோயாளிகளும் பராமரிப்போரும் கவனிக்க வேண்டியவை

• நான்கு மாத ஆய்வுகளில் சோதிக்கப்பட்டவை வேறு மருந்துக் கூட்டுகள். வழக்கமான ஆறு மாத மருந்தை நான்காம் மாதத்தில் நிறுத்துவது அவற்றில் சோதிக்கப்படவில்லை.
• அதே 2018 பகுப்பாய்வில், நான்கு மாத சிகிச்சை பெற்றோரிடையே பலன் கிட்டாமைக்கு மிக வலுவான காரணமாக இருந்தது மருந்து வேளைகளைத் தவறவிட்டதே.
• இருமல் நின்றுவிட்டது என்பது கிருமிகள் முற்றிலும் அழிந்துவிட்டதற்குச் சான்று ஆகாது.
• சிகிச்சைக் காலத்தைக் குறைப்பதோ நீட்டிப்பதோ சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவற்றைக் கண்டு மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவாகும்.
• ஷிப்டு நேரத்தால் மருந்து தவறுமாயின், அதை மறைக்காமல் சுகாதாரப் பணியாளரிடம் கூறி, உகந்த நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். 1800-11-6666 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.