அதற்குப் பெயர் அப்கிரேடு இல்லை

ஸ்லீப்பரில் போட்ட டிக்கெட் மூன்றாம் ஏசிக்கு மாறி வந்தால் அது அப்கிரேடு. போனில் புது மென்பொருள் ஏறினால் அதுவும் அப்கிரேடு. ஏற்கெனவே இருந்ததில் குறையொன்றும் இல்லை, இப்போது கூடுதலாக ஒன்று கிடைக்கிறது என்பதுதான் அந்தச் சொல்லில் நாம் பழகியிருக்கும் பொருள். ஓடுகிற வண்டியில் முன் ஃபோர்க் உடைகிறது என்று நாடெங்கும் புகார் எழுந்த பிறகு, அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டித் தருவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினால்? பயன்படுத்தினார்கள். நாமும் "ஃப்ரீயா மாத்தித் தர்றாங்கப்பா" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

நடந்தது இதுதான். 2021 ஆகஸ்ட் 15 அன்று ஓலா எஸ்1, எஸ்1 ப்ரோ ஸ்கூட்டர்கள் அறிமுகமாயின. தயாரானது நம்முடைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளி ஆலையில். 2022 மே மாதம் முன்சக்கரம் தனியாகவும் வண்டி தனியாகவும் கிடக்கும் படங்கள் சமூக ஊடகங்களில் வரத் தொடங்கின. 2023 ஜனவரியில், ஃபோர்க் உடைந்து தூக்கி வீசப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. மார்ச் 14 அன்று நிறுவனத்தின் அறிக்கை வந்தது. ஃபோர்க் பற்றிய அச்சங்கள் ஆதாரமற்றவை. வழக்கமான சுமையைப் போல ஆறு மடங்கு தாங்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் விரும்புகிறவர்கள் புதிய, மேலும் வலுவான ஃபோர்க்குக்கு இலவசமாக அப்கிரேடு செய்துகொள்ளலாம். மார்ச் 22 முதல் முன்பதிவு. இது ரீகால் அல்ல என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

பயத்துக்கு ஆதாரம் இல்லை, ஆனால் பயந்தால் மாற்றிக்கொள். இந்த இரண்டும் ஒரே அறிக்கையில் இருந்தன.

சஸ்பென்ஷன் என்றாலே சொகுசு என்று பலர் நினைக்கிறார்கள். இடுப்பு வலிக்காமல் இருக்கத்தான் ஷாக்கு என்று. பின் ஷாக்கு போனால் அது பெரும்பாலும் சரிதான். வண்டி குதிக்கும், திட்டிக்கொண்டே வீடு வந்து சேரலாம். முன் ஃபோர்க்கின் கதை வேறு. பிரேக் பிடித்ததும் ஆள், பேட்டரி, பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்று மொத்தப் பாரமும் முன்னால் சரிகிறது. ஹேண்டிலையும் சக்கரத்தையும் இணைத்துக்கொண்டிருப்பது அந்த ஃபோர்க் மட்டுமே. அது போனால் வண்டி இல்லை, திருப்ப முடியாது, பிரேக்கும் இல்லை. எஸ்1 ப்ரோவின் எடை சுமார் 125 கிலோ, அன்று சொல்லப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 115 கிலோமீட்டர். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது அந்த ஆறு மடங்குக் கணக்குக்கு வருவோம். எதற்கு ஆறு மடங்கு? "வழக்கமான சுமைக்கு." வழக்கம் என்றால் யாருடைய வழக்கம்?

முத்தாபுதுப்பேட்டையில் வந்து இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் தெருவிலேயே இருக்கிறது. ஆவடிக்குப் போகிறவரும் வருகிறவரும் பாதி நாள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதில்லை, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்கினால் அந்தப் பள்ளமும் தெரியாது. பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், தோண்டி மூடிய இடத்தில் ஒரு சாண் இறக்கம், பின்சீட்டில் பிள்ளை, முன்னால் அரிசி மூட்டை. இதில் எதுவும் விபத்து இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி, அவ்வளவுதான். பொறியியல் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்: உலோகம் ஒரே அடியில் மட்டும் உடைவதில்லை. தாங்கக்கூடிய சுமையே ஆனாலும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று பிறந்து, வளர்ந்து, ஒருநாள் சாதாரணமான ஒரு குழியில் பட்டென்று விட்டுப்போகும். அதன் பெயர் களைப்பு முறிவு. ஒரு தடவைக்கு ஆறு மடங்கு என்பது, லட்சம் தடவைக்கு எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

உடனே ஒரு கூட்டம் வரும். "ரோடு சரியில்ல சார், வண்டி என்ன பண்ணும்?" இந்த வாதத்தைக் கேட்டால் எனக்கு சேத்தக் ஞாபகம் வரும். பஜாஜ் சேத்தக் 1972-ல் வந்தது. அதற்கும் முன்னால் ஒற்றைக் கைதான். வெஸ்பாவிடமிருந்து வந்த அமைப்பு அது. 1946-ல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதீனோ தாஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். விமானத்தின் தரையிறங்கு சக்கரம் ஒற்றைக் காலில் நிற்பதைப் போலத்தான் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தையும் நிறுத்தினார். விமானப்படை நிலையத்தை ஒட்டி வாழ்கிற முத்தாபுதுப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சேத்தக்கில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் நின்றுகொண்டு ஒரு பிள்ளை என்று முப்பது வருடம் இந்த நாடு ஓடியது. அன்றைய ரோடு இன்றையதைவிடச் சிறப்பாக இருந்தது என்று யாராவது சொல்வார்களா? ஆகவே ஒற்றைக் கை என்பது குற்றமல்ல, ரோடும் சாக்கு அல்ல. இந்த ரோட்டுக்கு, இந்தச் சுமைக்கு, இந்த வேகத்துக்கு அந்தக் கை போதுமா என்பதுதான் கேள்வி. ஓலா ஸ்கூட்டரின் வேர் நெதர்லாந்தின் எடர்கோ என்ற நிறுவனத்தில் இருக்கிறது. 2020-ல் ஓலா அதை வாங்கியது. தட்டையான நாட்டில் பிறந்த வடிவம் இங்கே வரக் கூடாது என்றில்லை. வந்தால் இந்த ஊரில் ஓட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். சோதனை ஓட்டம் எங்கே நடந்தது, காசு கொடுத்து வாங்கியவன் முதுகிலா?

"இரண்டாம் தலைமுறை"யில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய எஸ்1 ப்ரோவில் ஒற்றைக் கையே இல்லை. மற்றவர்களிடம் முன்பே இருந்த இரட்டை டெலஸ்கோப்பிக் ஃபோர்க் அதில் இருந்தது.

"சரிங்க, இலவசமாத்தானே மாத்தினாங்க, அப்கிரேடுன்னு சொன்னா என்ன, ரீகால்னு சொன்னா என்ன?" இதைக் கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு சொல் மாறினால் சட்டமே மாறுகிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஓட்டுபவருக்கோ சாலையில் போகிறவருக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் அமலில் இருக்கின்றன. கட்டாய ரீகாலுக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதைவிட முக்கியம், அதே பிரிவில் உள்ள இன்னொரு வரி. தயாரிப்பாளரே குறையைக் கண்டு, அரசுக்குத் தெரிவித்து, ரீகாலைத் தொடங்கினால் அந்த அபராதம் கிடையாது. அதாவது உண்மையைச் சொன்னால் சட்டமே மன்னிக்கிறது. அப்புறமும் சொல்ல என்ன தயக்கம்?

தயக்கம் ஏனென்றால், ரீகால் என்றால் கணக்கு இருக்கும். எத்தனை வண்டி, எந்த மாதத் தயாரிப்பு, எந்தப் பாகம், என்ன குறை என்று பதிவாகும். ஒவ்வொரு உரிமையாளரையும் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். அப்கிரேடு என்றால் விருப்பம். செயலியைத் திறந்து நீ முன்பதிவு செய்ய வேண்டும். ட்விட்டர் பார்க்காதவர்? கைமாறி வண்டி வாங்கியவர்? அவரிடம் பழைய ஃபோர்க் அப்படியே இருக்கும். நாளை ஏதாவது ஆனால், "நாங்கதான் ஆப்ஷன் கொடுத்தோமே" என்று சொல்ல வசதி. பொறுப்பு ஆலையிலிருந்து கிளம்பி நம் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதே நிறுவனத்துக்கு ரீகால் என்ற சொல் தெரியாததில்லை. 2022 மார்ச்சில் புனேயில் ஒரு ஸ்கூட்டர் தீப்பிடித்த பிறகு, ஏப்ரலில் 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தது. தீ என்றால் ரீகால், ஃபோர்க் என்றால் அப்கிரேடு. உடைந்த எலும்பு எரியாது என்பதாலா?

இதில் இன்னொரு அநியாயம் இருக்கிறது. இந்த 110ஏ மோட்டார் வாகனங்களுக்கு. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட சின்ன மின் வண்டிகள் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல; பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஆகவே சட்டப்படியான ரீகாலும் இல்லை. டெலிவரி வேலைக்குப் போகும் எத்தனையோ தம்பிகள் ஓட்டுவது இந்த வண்டிகளைத்தான். முதுகில் பை, பின்னால் கேன், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஆயில் சீல் கிழிந்து ஃபோர்க் அடியில் முட்டும்போது அவர்களுக்குக் கம்பெனி அப்கிரேடு வருவதில்லை. பட்டறைக்குப் போய், பெண்டு எடுத்து, முடியாவிட்டால் வேறு வண்டியின் ஃபோர்க்கைப் பொருத்திக்கொள்கிறார்கள். அதிலும் ஆபத்து உண்டு. ஃபோர்க் கொஞ்சம் நீளமானால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஹேண்டில் திரும்பாமல் அடம்பிடிக்கும். குட்டையானால் லேசான அசைவுக்கே வெட்டும். டிஸ்க் பிடிக்கும் இடம் ஒரு நூல் தள்ளிப்போனாலும் பிரேக் உரசும். ஐந்தாயிரம் செலவு செய்து அந்தத் தம்பி செய்துகொள்வது ஆடம்பரம் இல்லை. தயாரித்தவன் செய்யாமல் விட்ட வேலையை அவன் தன் சம்பளத்தில் செய்கிறான்.

இது நடப்பது எந்த வட்டாரத்தில் என்று யோசித்தால் கோபம் இரட்டிப்பாகிறது. அர்ஜுன் டாங்கிக்கு ஹைட்ரோ நியூமாட்டிக் சஸ்பென்ஷன் உருவாக்கிய ஆய்வு நிறுவனம் ஆவடியில் இருக்கிறது. ஃபோர்க்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் ஆகிற துல்லியக் குழாய்களை இழுக்கும் டியூப் புராடக்ட்ஸ் அதே ஆவடியில். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் பக்கத்தில் அம்பத்தூரில். ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கி எந்த மேட்டில் ஏறி எப்படி இறங்கும் என்று கணக்குப் போட்ட ஊர் இது. இங்கே ஒரு ஸ்கூட்டரின் முன்சக்கரம் நிற்குமா என்பது நம்பிக்கை சார்ந்த விஷயமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

நம் பங்கும் இதில் இருக்கிறது. போனைப் போலவே ஸ்கூட்டரையும் விற்றார்கள், நாமும் போனைப் போலவே வாங்கினோம். அறிமுக விழாவில் காட்டிய குரூஸ் கன்ட்ரோலும் வழிகாட்டி வரைபடமும் பின்னால் மென்பொருள் அப்டேட்டில் வந்தபோது பொறுத்துக்கொண்டோம். முதலில் வாங்கு, மீதி பிறகு வரும் என்ற பழக்கம் திரைக்குச் சரி. இரும்புக்குச் சரியில்லை. ஃபோர்க்கை இரவோடு இரவாக வைஃபையில் இறக்க முடியாது.

மின் வண்டியே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. பெட்ரோல் விலையும் இந்த நகரத்தின் புகையும் தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் வண்டிகள் நாடெல்லாம் ஓடுவதில் எனக்கும் பெருமை உண்டு. அந்தப் பெருமை இருப்பதால்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை எந்தக் கம்பெனியாவது "இலவச அப்கிரேடு" என்று செய்தி அனுப்பினால், போய் மாற்றிக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் கவுன்டரில் நின்று இதைக் கேளுங்கள்: பழைய பாகத்தில் என்ன குறை? ஜாப் கார்டில் அதை எழுதித் தருவீர்களா? அரசுக்குத் தெரிவித்திருக்கிறீர்களா? வண்டியைக் கைமாற்றி விற்றிருந்தால், வாங்கியவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கம்பெனி அவரைத் தேடிப் போகாது.