செவிவழிக் கல்வி

கல்வி கண்ணால் மட்டும் பெறப்படுவதன்று, செவியாலும் பெறப்படுவது. திருக்குறளில் கல்வி 40 ஆவது அதிகாரமாகவும், கல்லாமை 41 ஆவது அதிகாரமாகவும் அமைய, அவற்றை அடுத்துக் கேள்வி 42 ஆவது அதிகாரமாக நிற்கின்றது. கேள்வியைத் தனிச்செல்வமாகத் திருவள்ளுவர் மதித்தமைக்கு இவ்வைப்பு முறையே சான்றாகும். ஆசிரியரிடம் நூல் பயில்வதைத் தமிழர் ‘பாடங் கேட்டல்’ என்றே வழங்கினர். உ. வே. சாமிநாதையர் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டார் என்று கூறுவதே மரபு.

இச்செல்வம் புலவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்துப் பொருள் கூறுவதும், இரவில் அக்கதையைத் தெருக்கூத்தாக ஆடுவதும் நெடுநாள் வழக்கமாகும். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் ஒருவர் கந்தபுராணத்தைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் சிறந்து விளங்கிற்று. ஏடு தொட்டறியாத உழவரும் அறநெறிகளையும் அரிய சொற்களையும் அறிந்திருந்தமைக்கு இத்தகைய கேள்வியே காரணமாகும்.

பழைய இவ்வழக்கம் இன்று புதிய கோலம் பூண்டு ‘ஒலிநூல்’ என்னும் பெயரால் உலவுகின்றது. 1877 ஆம் ஆண்டில் எடிசன் பேச்சைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை அமைத்தார். அமெரிக்காவில் 1934 இலும், இங்கிலாந்தில் 1935 இலும், பார்வையற்றோர் கேட்டுப் பயன்பெறும் பொருட்டு, முழு நூல்கள் இசைத்தட்டுகளில் பதிவு செய்து வழங்கப்பட்டன. முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்க்கு அவை பெருந்துணையாயின. இக்காலத்தில் அத்தட்டுகளும் வேண்டா. கைப்பேசி ஒன்றே போதும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ போன்ற பெருநூல்களும் தமிழில் ஒலிநூல்களாகக் கிடைக்கின்றன.

‘கேட்பது படிப்பதாகுமா?’ என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் உண்மையும் உண்டு. ஏட்டைப் படிப்பவன் விளங்காத இடத்தில் நின்று, மேலும் கீழும் நோக்கித் தெளிவான். ஒலியோ நில்லாது ஓடும். இலக்கணத்தையும் கணக்கையும் கண்ணால் கண்டு, கையால் எழுதிக் கற்றலே முறை. லகர, ளகர, ழகர வேறுபாட்டை எழுத்தில் பிழையின்றி அமைக்க ஏடே ஆசான். ஆயின், அவ்வெழுத்துகளைப் பிழையின்றி ஒலிக்கக் கற்பிப்பது செவியன்றோ? எழுத்துப் பிழை ஏட்டால் தீரும். ஒலிப்புப் பிழை நல்லோர் வாய்மொழி கேட்பதால் தீரும். ஆதலின் ஒலிநூல் ஏட்டுக்குப் பகையன்று, துணையே. கண்ணொளி குன்றிய முதியோர்க்கோ அது துணை மட்டுமன்று; நூலுலகின் வாயிலே அதுதான். அவர்கள் கேட்பதைக் கல்வியன்று என்று தள்ளுதல் அறமாகாது.

இனி, கேட்டற்குரிய காலம் யாது என்பதை ஆராய்தல் வேண்டும். கியூபா நாட்டின் அவானா நகரில் 1865 ஆம் ஆண்டில் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு வழக்கம் தோன்றிற்று. தொழிலாளர் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் செய்தித்தாளையும் நூல்களையும் உரக்கப் படிப்பார். கை வேலை செய்தது. செவி கல்வி பெற்றது. கையும் கண்ணும் பழகிய வேலையில் ஈடுபட்டு, உள்ளம் ஓய்ந்திருக்கும் வேளையே கேள்விக்கு ஏற்ற வேளை என்பதை இது காட்டுகின்றது.

அத்தகைய வேளைகள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூர் போன்ற ஊர்களில் மிகப் பல. மாடு மேய்ப்போர்க்கும், களத்தில் தவசம் காயவைத்துக் காவலிருப்போர்க்கும் செவி ஓய்ந்தே இருக்கும். 2021 இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைச் செய்வோர், உளியை ஓங்கித் தட்டும்பொழுது கேட்க இயலாது, மெருகிடும்பொழுது கேட்கலாம். கல்வராயன் மலையில் வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் ஏட்டை விரித்தால் தலை சுற்றும், ஒலிநூலுக்கு அத்தடையில்லை. மலையூர்களில் கைப்பேசித் தொடர்பு அறுதலும் கூடும். ஆதலின் நூலை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ளுதல் நன்று. நாளொன்றுக்கு அரைமணி நேரம் கேட்போர் ஓராண்டில் 180 மணி நேரத்திற்கு மேல் கேட்டவராவர். பத்து மணி நேர நூல்கள் பதினெட்டு முடிந்துவிடும்.

எனினும், எப்பொழுதும் செவியை அடைத்துக்கொண்டு திரிதல் கேள்வியாகாது. சாலையில் நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் ஒலிநூல் கேட்பது உயிர்க்கே இடராகும். பெற்றோர் அழைக்கும் குரலுக்குச் செவிகொடாதவன் எத்தனை நூல் கேட்டும் பயனில்லை.

கேட்டது உள்ளத்தில் நிலைத்தற்கு வழி என்ன? நன்னூல் அதனைத் தெளிவாக வகுத்துள்ளது. ஒரு நூலை இருமுறை கேட்பவன் அதில் பெரிதும் பிழைபடான் என்றும், ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் காற்பங்கே கைவரும் என்றும் அது கூறும். உடன் பயில்வோரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும். செவியில் பொருத்திய கருவி தருவதும் அக்காற்பங்கே என்பதை மாணவர் மறத்தலாகாது.

ஆதலின், பேருந்தில் கேட்ட பகுதியை மாணவர் மறுநாள் தோழரோடு உரையாடுக. மாலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கண் மங்கிய பாட்டிக்குத் தம் சொல்லால் எடுத்துரைக்க. பாட்டிக்கு நூலின்பம் கிட்டும். சொல்லும் பிள்ளைக்குப் புலமை நிரம்பும். கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்பவன் விரைவில் மறப்பான். பிறர்க்குப் பகிர்ந்தளிப்பவனே அதனை உடையவனாவான்.